மூன்று எழுத்துத் திருத்தம்

இது நடந்தது ஆடிவேல் திருவிழாவுக்கு முந்திய கிழமையா பிந்திய கிழமையா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. பெற்றோல் வரிசைகள் ஒழிந்த அடுத்த வருஷம் என்பது மட்டும் தெரியும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இராமரும் மனைவி ஜெயராணியும் குடியிருந்த வீட்டின் மேல் அறையில் நான் இருந்தேன். பலகைத் தரை. கீழே பேசுவது மேலே வந்துவிடும். நான் கேட்டது பாதி, இராமர் பின்னால் சொன்னது பாதி. இரண்டையும் பிரித்தெடுக்க இப்போது என்னால் முடியவில்லை. பிழை இருந்தால் திருத்தக்கூடியவர் அவர்தான். அவர் இந்நாளில் வேலைக்கு வெளியே எதையும் திருத்துவதில்லை.

இராமருக்கு வேலை ஹாஷிம் நானாவின் அச்சகத்தில். கல்யாணக் காட், மரண அறிவித்தல், பில் புத்தகம், கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரம், எதுவானாலும் மெஷினுக்குப் போகுமுன் அவர் மேசைக்கு வரவேண்டும். பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர். வந்த நாளிலிருந்து இன்றுவரை பிறர் எழுதியதை வாசிப்பதே தொழில். அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புரூப் பார்த்தவர் தாளின் கீழ்மூலையில் சுருக்கொப்பமும் தேதியும் வைக்க வேண்டும். வைத்தபிறகு வரும் பிழை வைத்தவருடையது. ஒருமுறை ஒரு கல்யாணக் காட்டில் முகூர்த்த நேரம் மாறிப்போக, முந்நூறு காட்டையும் தன் செலவில் திருப்பி அடித்துக் கொடுத்தவர் இராமர். ஹாஷிம் நானா கேட்கவில்லை. "வேணாம் இராமர், உடுங்க" என்றுகூடச் சொன்னார். "ஒப்பம் என்னோடது நானா" என்று இவர் சொல்லிவிட்டார்.

அந்தப் பழக்கம் அச்சகத்தோடு நின்றிருந்தால் நல்லது. சட்டைப்பையில் ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவும் அரை பிளேடும் எப்போதும் இருக்கும். பாமசியில் 'மறுந்து' என்று இருந்தால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு 'ரு' போடுவார். சாப்பாட்டுக் கடைச் சுவரில் 'கை களுவும் இடம்' என்றிருந்தால் சோறு ஆறினாலும் பரவாயில்லை, 'ழு' ஆக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

"கொழும்பு முழுக்க ஒங்க புரூப்பா?" என்பாள் ஜெயராணி. "சம்பளம் யாரு குடுக்கிறா, மேயரா?"

"தமிழ இப்பிடி எழுதி வச்சா நம்மளைத்தான் சிரிப்பாங்க."

"எழுதினவன் சிங்கள ஆளு. வாசிக்கிறவன் அவசரத்துல போறவன். நடுவுல சிரிக்கிறதுக்கு யாரு இருக்கா, நீங்க ஒருத்தர்தான்."

ஜெயராணி சாரி ஜாக்கெட் தைப்பவள். முன்னறை ஜன்னலோரம் மெஷின். பிள்ளைகள் இல்லை. விடிந்ததிலிருந்து அந்த மெஷின் சத்தம் என் தரைக்குக் கீழே ஓடும். மழை பெய்தால் மட்டும் நிற்கும், ஏனென்றால் ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சம் போதாது. ஊசியில் நூல் கோக்க அவள் கண்ணாடி போட்டதே இல்லை. கத்தரிக்கோலை எடுத்தால் கோடு கீறாமலே வெட்டுவாள். "கைக்குத் தெரியுதுங்க, எனக்குத் தெரியாது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். வெள்ளவத்தையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து அவளிடம் தைக்கக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

அந்த வருஷம் பங்குனியில், வெள்ளவத்தையில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்துக்கு பில் புத்தகத்தின் புரூப் காட்டி வர இராமர் போனார். மண்டபம் பாலசுந்தரம் என்பவருடையது. மூன்று மாடி, பழைய கட்டடம், இழுத்துச் சாத்தும் இரும்புக் கம்பிக் கதவோடு ஒரு பழைய லிப்ட். பாலசுந்தரம் வரும்வரை கீழே காத்திருந்தபோது லிப்டுக்குப் பக்கத்தில் தொங்கிய தகரப் போர்டை வாசித்தார். வாசிக்காமல் அவரால் இருக்க முடியாது.

மூன்று மொழி. சிங்களத்திலும் இங்கிலீசிலும், லிப்டில் போகிறவர்களுக்கு எது நடந்தாலும் முகாமைத்துவம் பொறுப்பல்ல என்று இருந்தது. தமிழில் இப்படி இருந்தது: 'மின்தூக்கியில் ஏற்படும் எவ்வித விபத்துக்கும் முகாமைத்துவம் பொறுப்புள்ள.'

இராமர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பிளேடை எடுத்து 'பு'வின் காலைச் சுரண்டினார். மார்க்கரால் 'ள்' என்பதை 'ல்' ஆக்கினார். அடுத்த 'ள'வை 'ல' ஆக்கினார். மூன்று எழுத்து. பொறுப்பல்ல.

"மாத்தயா, மொகத கரன்னே?" என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டபடி வாசலில் இருந்த காவல்காரன் எழுந்து வந்தான்.

"அக்குரு வெரதி அய்யே" என்றார் இவர். எழுத்துப் பிழை என்று கேட்டதும் அவனுக்கு நிம்மதி. ஏதோ உடைக்கிறார் என்று நினைத்திருக்கிறான்.

"ஹரி, எஹெனங் சைன் எக்கத் தான்ன" என்று சிரித்தான். அப்படியென்றால் கையெழுத்தையும் போடுங்களேன் என்று பகிடி.

இவருக்கு அது பகிடியாகப் படவில்லை. கை தானாகப் போய் கீழ்மூலையில் சிறிதாக 'இரா.' என்று எழுதித் தேதியும் போட்டது. வீட்டுக்கு வந்து ஜெயராணியிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டார். அதைப்போல எத்தனையோ.

நாலு மாசம் கழித்து அதே மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மணப்பெண்ணின் இரண்டாவது சாரிக்கு ஜாக்கெட் தைத்தவள் ஜெயராணி. பின்னேரம் மூன்று மணிக்கு போன் வந்தது. பெண் இரண்டு கிழமையில் மெலிந்துவிட்டாளாம், ஜாக்கெட் தோளில் நிற்கவில்லையாம், ஓட்டோவில் உடனே வரட்டுமாம். ஜெயராணி ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வெள்ளவத்தை வரை மழை. மண்டபத்துப் படியெல்லாம் தண்ணீர், சமையல்காரர்கள் சோற்றுத் தட்டங்களைப் படிவழியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, படியில வழியில்ல, லிப்டுல போங்க" என்று ஒருவன் சொன்னான்.

அந்த லிப்டின் கம்பிக் கதவுக் கொளுவி உடைந்து பதினைந்து நாள். நீல நைலோன் கயிறு கட்டியிருந்தார்கள். கதவு திறந்திருந்தால் லிப்ட் அசையக்கூடாது. இது அசையும். அதுவும் அங்கே எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனவள் கம்பியைப் பிடித்துக் கதவை இழுக்க, மூன்றாம் மாடியில் யாரோ பொத்தானை அமுக்கினார்கள். லிப்ட் ஏறியது. வலதுகை கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டது.

பெரியாஸ்பத்திரியில் பெருவிரலையும் அடுத்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் மோதிரவிரலும் சுண்டுவிரலும். ஜாக்கெட்டை அன்றைக்கு வேறு யாரோ ஊக்குக் குத்திச் சரிசெய்தார்களாம். படங்களில் ஒன்றும் தெரியாதாம்.

பதினோராம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாலசுந்தரம் வந்தார். வெள்ளை சேட், நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பை திராட்சையும் ஒரு பேணி நெஸ்டமோல்ட் மாவும். உள்ளறை வாசலில் நின்று ஜெயராணியைப் பார்த்து, "என்ர தங்கச்சிக்கு நடந்த மாதிரித்தான் அம்மா. மூண்டு நாள் எனக்கு சாப்பாடு இறங்கேல்ல" என்றார். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். "படுங்கோ, படுங்கோ."

முன்னறையில், துணி மூடிய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இராமர் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். நான் மேலே இருந்தேன்.

"ஆஸ்பத்திரிப் போக்குவரத்து, மருந்து எல்லாம் என்ர பொறுப்பு, இராமர். அதோட கைச்செலவுக்கும் ஏதோ ஒரு தொகை தாறன். சட்டப்படி நான் தரத் தேவையில்ல. மனுசத்தன்மையில தாறன்."

"இல்லீங்க ஐயா" என்றார் இராமர். "அவ கை போயிருச்சுங்க. தைக்கிறது தவிர அவளுக்கு வேற தெரியாது. அந்தக் கொளுவி ஒடஞ்சு பதினஞ்சு நாள்னு ஒங்க ஆளே சொன்னான். நாங்க கேஸ் போடலாம்னு இருக்கோம்."

"போடுங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல." ஒரு மிடறு தேநீர். "போர்டு கிடக்குத்தானே."

"அவ போர்டை வாசிக்கலீங்க. மழையில ஓடிப் போனவ."

"அவ வாசிக்கேல்ல. நீங்கள் வாசிச்சனீங்கள்." பாலசுந்தரம் போனில் போர்டின் படத்தை எடுத்து நீட்டினார். "இது உங்கட எழுத்துத்தானே?"

தெருவில் மீன்காரன் கூவிப் போனது கேட்டது.

"எனக்கு இந்த வருசம்தான் தெரியும் ஐசே, எங்கட போர்டு இத்தினை காலம் தமிழில என்ன சொல்லிக்கொண்டு கிடந்ததெண்டு" என்றார் பாலசுந்தரம். குரல் தணிந்திருந்தது. "காவல்காரன் சொல்லிச் சிரிச்சான். நல்ல காலம் ஒரு படிச்ச மனுசன் வந்து திருத்திப் போட்டுது எண்டு நான் நினைச்சன். நீங்கள் கைவைக்காமல் விட்டிருந்தால் இண்டைக்கு உங்கட மனிசி என்ர சேட்டைப் பிடிச்சுக் கேக்கலாம், 'பொறுப்பு எண்டு நீதானே எழுதி வைச்சாய்' எண்டு. நான் வாய் திறக்கேலாது."

இராமர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை அவவுக்குக் காட்டத் தேவையில்ல. ஏன் காட்டவேணும்? கை போன மனிசிக்கு இது வேறயா? நீங்கள் ரெண்டு பேரும் இதில ஒப்பம் வைச்சால் இந்தப் படம் என்ர போனிலயே கிடக்கும். கோட்டுக்குப் போனால்தான் எல்லாருக்கும் காட்டவேண்டி வரும். யோசியுங்கோ."

ஒரு தாளை எடுத்து மெஷின் மேல் விரித்தார். தமிழில் டைப் அடித்த ஒற்றைத் தாளும் அதன் பிரதியும். இராமர் வாசித்தார். வாசிக்கும்போது அவருடைய வாய் லேசாக முணுமுணுக்கும், அந்த முணுமுணுப்பு எனக்கு மேலே வந்தது. பெற்றுக்கொண்ட தொகை முழுமையானதும் இருதியானதுமான நஸ்டஈடு என்றும், இனிமேல் எந்த உரிமையும் கோரமாட்டோம் என்றும் எழுதியிருந்தது. அங்கே முணுமுணுப்பு நின்றது. பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

'இருதி'யை 'இறுதி' ஆக்கினார். 'நஸ்டஈடு' என்பதை 'நட்டஈடு' ஆக்கினார். இரண்டு திருத்தத்துக்கும் பக்கத்தில் 'இரா.' என்று வைத்தார். இரண்டு பிரதியிலும்.

"அப்பிடித்தான் செய்யவேணும்" என்றார் பாலசுந்தரம், மரியாதையோடு. "நீங்கள் தொழில் தெரிஞ்ச ஆள்."

உள்ளறைக்குத் தாளைக் கொண்டுபோனார்கள். ஜெயராணி எட்டாம் வகுப்புப் படித்தவள், வடிவான கையெழுத்து அவளுக்கு. அந்தக் கை கட்டுக்குள் கிடந்தது. பாலசுந்தரம் மைப்பெட்டி கொண்டுவந்திருந்தார்.

"என்னங்க இது?"

"காசு தர்றாங்க. அதுக்கு ஒப்பம்."

"நீங்க வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"அப்ப சரி" என்று இடதுகைப் பெருவிரலை நீட்டினாள். ஒட்டிய மையைத் துடைக்க மற்றக் கை இல்லாமல் விரலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். இராமர் தன் சாரத்து நுனியால் துடைத்துவிட்டாராம். மூன்று தடவை இதை என்னிடம் சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

தொகை நாலு மாசத்தில் தீர்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. பொறுப்பல்ல என்று போர்டு இருந்ததால் கேஸ் நிற்காது என்று மட்டும் இராமர் அவளிடம் சொல்லியிருந்தார். மெஷினை அவள் விற்க விடவில்லை. காலையில் துணியை நீக்கித் துடைப்பாள், பிறகு மூடிவைப்பாள். ஒருநாள் இடதுகையால் வெட்டிப் பார்த்தாள். துணி கோணிப் போனது. வலதுகை என்றால் கைக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. இரண்டு வீடு தள்ளியிருந்த இடியப்பக் கடையில் தேங்காய் துருவ ஆள் தேடினார்கள். போனாள். துருவலை முட்டுக்காலில் இடுக்கி, மூளிக்கையால் அமுக்கி, இடதால் துருவினாள். பதினைந்து தேங்காய்க்கு இரண்டு மணித்தியாலம். மற்றவர்களுக்கு முக்கால் மணித்தியாலம். கடைக்காரி, "ஒனக்காகத்தான் வச்சிருக்கேன்" என்று தினமும் ஒருதரம் சொல்வாள்.

அடுத்த வருஷம் தையில் ஷபீகா அச்சகத்துக்கு வந்தாள். ஹாஷிம் நானாவின் தம்பி மகள், சட்டத்தரணி, புதுக்கடைக் கோட்டில் சேர்ந்து கொஞ்ச நாள்தான். தன் பெயர்போட்ட கடிதத்தாள் அடிக்க வந்தவள், புரூப்பை இராமரிடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அங்கிள், மாமிக்கு இப்ப எப்பிடி? கேஸ் எனத்த ஆச்சு?"

"கேஸ் இல்ல புள்ள. போர்டு இருந்துச்சே."

"எனத்த போர்டு?"

அவர் சொன்னார். ஆறு மாசமாக ஒருவரிடமும் சொல்லாததை அந்தப் பிள்ளையிடம், மெஷின் ஓடும் இரைச்சலில், மூன்று எழுத்தையும் புரூப் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்காட்டிச் சொன்னார். சொல்லி முடித்ததும் ஒரு பாரம் குறைந்த மாதிரி இருந்ததாம். அது எவ்வளவு நேரம் என்று கேட்டால், அவள் வாய் திறக்கும்வரை.

"அங்கிள், அந்த போர்டுல ஒண்டுமே இல்ல" என்றாள் ஷபீகா. "கவனமில்லாம உட்டு ஒரு ஆளுக்கு காயம் வந்தா, உயிர் போனா, போர்டு போட்டுத் தப்ப ஏலாது. தொண்ணூத்தேழுல சட்டமே போட்டீக்கி. சாமான் தொலைஞ்சா, அது வேற கதை. ஒடம்புக்கு ஏலவே ஏலாது. மாமி வாசிச்சாலும் ஒண்டுதான், வாசிக்காட்டியும் ஒண்டுதான். நீங்க திருத்தினாலும் ஒண்டுதான், திருத்தாட்டியும் ஒண்டுதான்."

எழுதிக்காட்டிய பக்கம் கீழே போக இராமர் தாளைத் திருப்பிவைத்தார்.

"கொளுவி ஒடஞ்சு பதினஞ்சு நாளா அப்பிடியே வச்சீந்தாங்களா? அல்லாஹ். அவருதான் கட்டணும். வேற எதிலயும் சைன் வெச்சீங்களா?"

அவர் மேசை லாச்சியைத் திறந்து பிரதியை எடுத்துக் கொடுத்தார். வாசித்து வந்தவள் நடுவில் நின்றாள்.

"இது யாரு திருத்தின?"

"நான்தான்."

"சைனும் போட்டு."

"ஆமா."

அவள் தாளை மேசைமேல் வைத்து, மடிப்பை விரலால் நீவினாள். "விளங்காம வெச்சதெண்டு செல்லலாமெண்டு பார்த்தேன். எழுத்து எழுத்தா விளங்கித்தான் வெச்சீக்கிறீங்க." பிறகு, "ஒரு வழி ஈக்கி. போட்டோவக் காட்டிப் பயமுறுத்தி வாங்கினது, மாமிக்கு ஒண்டும் செல்லாம விரல் வெக்க வெச்சது. அத வெச்சு இந்தக் கடுதாசிய ஒடைக்கப் பார்க்கலாம். வெல்லுவோமெண்டு செல்ல மாட்டேன். ஆனா போடலாம். மாமிய கூட்டிக்கொண்டு வாங்க. நடந்ததெல்லாம் அவக்கு செல்லுங்க, அவ கோட்டுல செல்லணும். காயம் பட்ட நாள்ல இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள கேஸ் போடணும்."

"எல்லாத்தையுமா?"

"போர்டு, போட்டோ, எல்லாம். இல்லாட்டி என்னத்த வெச்சு வாதாட?"

அவள் கடிதத்தாளில் ஒரு பிழையும் இல்லை. இராமர் மூலையில் ஒப்பம் வைத்துக் கொடுத்தார்.

பின்னேரம் மட்டக்குளி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தார். ஜெயராணி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். தாச்சியைச் சுவரோடு முட்டக் கொடுத்து, ஒருகையால். கட்டசம்பல் இடித்த வாசம் மேலே வந்தது.

"ஹாஷிம் நானா கடையில ஷபீகா வந்திச்சாமே. இடியப்பக் கடையில சொன்னாங்க. கோட்டுக்காரப் பொண்ணுதானே, கேட்டீங்களா நம்ம விசயத்தை?"

இவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மா பிசையும் சத்தம் நின்றது. நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன்.

"கேட்டேன்."

"என்ன சொல்லுது?"

"போர்டு போர்டுதானாம்."

மா பிசையும் சத்தம் மறுபடி வந்தது. "நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். "என் தப்புதாங்க. இவ்வளவு வாசிக்கிற மனுசனக் கட்டிக்கிட்டு, ஒரு போர்டை வாசிக்காம ஓடி ஏறினேன் பாருங்க. நீங்க கூட வந்திருந்தா வாசிச்சுச் சொல்லியிருப்பீங்க."

"ம்."

"சரி விடுங்க. சூடா ரெண்டு சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். இன்னொன்று போடட்டுமா என்று கேட்டாள், அதையும் சாப்பிட்டார்.

இரண்டு வருஷம் முடிய அப்போது பதினெட்டு மாசம் இருந்தது. அதில் ஒவ்வொரு மாசமும் இராமர் ஏதாவது ஒருநாள் மேலே என் அறைக்கு வந்து உட்காருவார். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். நானும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. கீழே இறங்கி நானே சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு படி.

கடைசி மாசத்தில் ஷபீகா அச்சகத்துக்குப் போன் எடுத்தாள். இராமர் வெளியே போயிருப்பதாகச் சொல்லும்படி இராமரே ஹாஷிம் நானாவிடம் சைகை காட்டினார்.

அந்த மண்டபம் இப்போதும் இருக்கிறது. பாலசுந்தரம் புது லிப்ட் போட்டார், தானாகச் சாத்தும் கதவோடு. போர்டும் புதிது. அதன் தமிழ் வாசகம் ஹாஷிம் நானாவின் அச்சகத்தில்தான் அடித்தது. புரூப் இராமர் மேசைக்கு வந்தது. பிழை ஒன்றுமில்லை, ஒப்பம் வைத்தார். ஹாஷிம் நானா சுகமில்லாமல் மகனிடம் கடையைக் கொடுத்துவிட்டார். ஷபீகா புதுக்கடையில் நன்றாகப் பெயர் எடுத்திருக்கிறாள். நான் கிருலப்பனைக்கு வீடு மாறிவிட்டேன். இராமர் இன்னும் புரூப் பார்க்கிறார், சட்டைப்பையில் மார்க்கர் இல்லை. ஜெயராணி இடியப்பக் கடையில் தேங்காய் துருவுகிறாள். வெளியே போனால், கடையோ ஆஸ்பத்திரியோ பஸ்ஸோ, உள்ளே கால் வைக்குமுன் நின்று அங்கே தொங்கும் போர்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாசிக்கிறாள். விளங்காத சொல் வந்தால் அவரிடம் கேட்கிறாள். அவர் சொல்லிக்கொடுக்கிறார்.